கிழக்கேயிருந்து வந்த தண்ணீர்

செந்துறையிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் ஏறி, ஊர் தாண்டி இறங்கிச் செம்மண் தடத்தில் நடந்தால் கமலவேணியின் வீடு வரும். யாரிடம் கேட்டாலும், “சுனாமியில புள்ளைய வாரிக் குடுத்தவ வூடா? நேரா போங்க” என்று வழி சொல்லுவார்கள். அது பொய். பிள்ளை போனது சுனாமிக்கு முந்தின வருஷம். உலகமே டிவியில் பார்த்து அழுத அந்தப் பெருங்கடலுக்கும் அவள் பிள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஊருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டது. கமலவேணியும் மறுத்துச் சொன்னதில்லை. அவள் ஏன் மறுக்கவில்லை என்று சொல்ல வேண்டுமானால் ஆட்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அவளுக்குக் கல்யாணமானது தொண்ணூற்றைந்தில். மாப்பிள்ளை சாமிதுரை சொந்த அத்தை மகன். டவுனில் கடை, ஆபீஸில் பியூன் என்று ஆளாளுக்கு மாப்பிள்ளை தேடிய காலத்தில், ஆடு மேய்க்கிறவனுக்குப் பெண் கொடுக்க உறவை விட்டால் யார் வருவார்கள்? கமலவேணிக்கு அதில் மனக்குறை ஒன்றுமில்லை. அவளே ஆட்டுப் புழுக்கையில் தவழ்ந்து வளர்ந்தவள்தான். சாமிதுரை நல்லவன். பேச்சு குறைவு, பிடிவாதம் கூடுதல். ஆடு ஒன்று தீனி எடுக்கவில்லை என்றால் அவனுக்கும் சோறு இறங்காது. பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்றால் “கசாயம் வச்சிக் குடி புள்ள” என்பதோடு சரி.

தை மாதம் அறுவடை முடிந்ததும் மந்தையை ஓட்டிக்கொண்டு கிழக்கே இறங்கிவிடுவார்கள். ஜெயங்கொண்டம், அணைக்கரைப் பாலம், கும்பகோணம் என்று வயலுக்கு வயல் மாறிக்கொண்டே போக வேண்டும். பகலில் மேய்ச்சல். ராத்திரி யாராவது ஒருவர் வயலில் வலை கட்டி ஆடுகளை அடைத்துப் போடுவார்கள். அதற்குப் பெயர் கிடை. ஆடு படுத்து எழுந்த மண்ணுக்கு வேறு உரம் வேண்டாம், அதனால் நிலத்துக்காரர்கள் நெல் அளந்து கொடுப்பார்கள். மழை வருவதற்குள் ஊர் திரும்பிவிடுவார்கள். ஆனால் நெல் கொடுக்கிற அதே நிலத்துக்காரர் தன் வீட்டுச் சொம்பில் இவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க மாட்டார், அது வேறு விஷயம்.

குடித்தனம் முழுவதும் முதுகிலும் தலையிலும்தான். வலையும் முளைக்குச்சியும் சாமிதுரை தோளில். சட்டி, பானை, அரிசி, துணிமணி கமலவேணி தலையில். குழந்தையை இடுப்பில் வைத்தால் கை ஓயும், தூளி கட்டினால் தோள் வலிக்கும். அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். யூரியா சாக்கை நன்றாக அலசிக் காயவைத்து, பழைய வேட்டிக் கரையை மடித்து இரண்டு பட்டை தைத்து, கால் விட இரண்டு ஓட்டையும் போட்டு, பள்ளிக்கூடப் பை மாதிரி முதுகில் மாட்டிக்கொண்டாள். மூத்தவள் மேகலா அந்தச் சாக்கில்தான் தஞ்சாவூர் ஜில்லா முழுவதையும் பார்த்தாள். அவள் பள்ளிக்கூடம் போகும் வயது வந்ததும் செந்துறையில் தாய்மாமன் வீட்டில் விட்டார்கள். சாக்கு அடுத்தவனுக்கு வந்தது. அவன் பெயர் ராஜராஜன். யூரியா சாக்கில் சவாரி போகிறவனுக்கு எதற்கு இத்தனை பெரிய பெயர் என்று உறவில் எல்லோரும் கேலி செய்தார்கள். “எங்க வூட்டு ராசா, எங்க இஷ்டம்” என்றாள் கமலவேணி.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தாய் ஆடுகள் மேயப் போகும்போது இளங்குட்டிகளைக் கூடவே ஓட்ட முடியாது. ஆள் இடுப்புக்குச் சற்று மேலே வரும் உயரத்தில் மூங்கில் கூடை பின்னியிருப்பார்கள். குட்டிகளை அதற்குள் விட்டுக் கவிழ்த்து, நாயும் நரியும் புரட்டிவிடாமல் உச்சியில் ஒரு கல்லை வைத்துவிட்டால் சாயங்காலம் வரை கவலையில்லை. சந்து வழியே காற்று வரும், மேலே ஒரு துணியைப் போட்டால் நிழலும் கிடைக்கும். நடை பழகிய குழந்தையைத் தனியாக விட்டுப் போக வேண்டி வந்தால் ஆட்டுக்காரப் பெண்கள் அதையும் குட்டிகளோடு குட்டியாகக் கூடைக்குள் விட்டுவிடுவார்கள். வாய்க்காலில் விழாது, பாம்பைப் பிடிக்காது, ரோட்டுக்கு ஓடாது. குட்டியின் சூட்டில் குழந்தை நன்றாகத் தூங்கும். கமலவேணியை அவள் அம்மா அப்படித்தான் வளர்த்தாள். மேகலாவும் அப்படித்தான் வளர்ந்தாள். வீட்டுக்காரர்களுக்குத் தொட்டில் எப்படியோ, இவர்களுக்குக் கூடை அப்படி.

இரண்டாயிரத்து மூன்றில் காவிரியில் தண்ணீர் இல்லை. அதற்கு முந்தின வருஷமும் இல்லை. கும்பகோணம் தாண்டியும் வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. விளையாத நிலத்துக்கு யார் கிடை கேட்பார்கள்? மேய்ச்சலும் இல்லாமல், திரும்பிப் போனால் செந்துறையிலும் புல் இல்லாமல், சாமிதுரை ஒரு வாரம் பீடியாகப் பிடித்துத் தள்ளினான். பிறகு சொன்னான். “கடலோரத்துல சீமைக்கருவ காடு காடா இருக்காம். நெத்து உதுந்து கெடக்குதாம். வா, போய்ப் பாத்துருவம்.”

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி எல்லாம் தாண்டி, வேதாரண்யத்தையும் தாண்டி, உப்பளங்களுக்கும் தெற்கே போனார்கள். அதுவரை அவர்கள் குடும்பத்தில் யாரும் அவ்வளவு தூரம் மந்தை ஓட்டியதில்லை. கேள்விப்பட்டது மெய்தான். கருவேல நெற்று மஞ்சள் மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது. ஆடுகள் அடித்துப் பிடித்துத் தின்றன. கண்ணுக்கு எட்டிய வரை மனித வாசனை கிடையாது. மேற்கே மணல்மேடும் கருவேலங்காடும், கிழக்கே பொட்டல். அந்தப் பொட்டலுக்கு அப்பால் எங்கேயோ கடல். காற்று நின்றால் சத்தம் மட்டும் கேட்கும்.

அங்கே அவர்களைப் போலவே இன்னொரு குடும்பத்தையும் பார்த்தார்கள். வெள்ளைக்காரன், வெள்ளைக்காரி, அந்த ஆள் முதுகில் பையில் தொங்கிக்கொண்டு ஒரு பச்சைக் குழந்தை. அவள் முதுகிலும் ஆள் உயரத்துக்கு ஒரு மூட்டை. முகமெல்லாம் வெயிலில் வெந்து சிவந்திருந்தது. அவள் கமலவேணியின் யூரியா சாக்கைப் பார்த்தாள், உள்ளேயிருந்த ராஜராஜனைப் பார்த்தாள், தன் புருஷன் முதுகைக் காட்டினாள். இரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டார்கள். அவள் பட்டையைத் தொட்டுப் பார்த்துத் தையல் நன்றாக இருக்கிறது என்பது மாதிரி தலையாட்டிவிட்டுப் போனாள்.

“பறவ பாக்க வந்தவங்க” என்று பிறகு சாந்தா சொன்னாள். சாந்தா பக்கத்து மீனவக் குப்பத்துக்காரி. அந்தக் குப்பத்து ஊற்றில்தான் கமலவேணி தினமும் தண்ணீர் எடுப்பாள்.

“ஆடும் இல்ல மாடும் இல்ல. அப்பறம் எதுக்குக்கா இந்த வெயில்ல மூட்டையத் தூக்கிக்கிட்டு அலையிறாங்க?”

“சந்தோஷத்துக்குத்தான்.”

“சந்தோஷத்துக்கா!” என்று கமலவேணி குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். அப்படி அவள் சிரித்ததை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

தங்கிய இடம் சாமிதுரை தேர்ந்தெடுத்தது. கருவேலங்காட்டில் முள், மணல்மேட்டில் காற்று. பொட்டலோ துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். வெடித்துக் காய்ந்த களிமண், அதன்மேல் பூத்த உப்பு. அதில் ஓர் இடம் கொஞ்சம் பள்ளமாக இருந்தது. அங்கே உட்கார்ந்தால் காற்று தலைக்கு மேலே போய்விடும். மண் வாரி வீசாது, அடுப்பு அணையாது. வற்றிய ஏரி என்றுதான் அவன் நினைத்தான். அவன் ஊரில் ஏரி வற்றினால் அப்படித்தான் இருக்கும். வற்றிய ஏரிக்குள் ஆடு கட்டாத ஆட்டுக்காரன் எங்கே இருக்கிறான்?

சாந்தாவிடம் ஒரு நாள் இடத்தைச் சொன்னபோது அவள் முகம் சுளித்தாள். “அந்தப் பொட்டலுக்குள்ளயா இருக்கிய? அங்க தண்ணி ஏறும்.”

“மழையே இல்லியே, எங்கேருந்துக்கா தண்ணி?”

“ஏறும் தங்கச்சி. அமாவாசையில கொண்டக்காத்தும் சேந்து அடிச்சா ஏறும்.”

கொண்டக்காத்து என்றால் கடலிலிருந்து வரும் கிழக்குக் காற்று என்று கமலவேணிக்குத் தெரியாது. வந்து புருஷனிடம் சொன்னாள். சாமிதுரை அலட்சியமாக இருக்கவில்லை. அதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். அவன் எழுந்து போய் நாலு பக்கமும் பார்த்தான். அவன் பிறந்ததிலிருந்து பார்த்த தண்ணீரெல்லாம் மேற்கேயிருந்து வந்ததுதான். காவிரி அப்படி, கொள்ளிடம் அப்படி, அவன் ஊர் ஓடையும் அப்படி. மேற்கே எங்காவது மழை பெய்தால்தான் இங்கே தண்ணீர். “வந்தா மேக்கேருந்துதான் வரணும்” என்று சொல்லி, மணல்மேட்டுப் பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணை அணையாகப் போட்டான். அரை நாள் வேலை. முதுகு வேர்க்க வேர்க்கச் செய்தான். முடித்துவிட்டு, “இனிமே கவலையில்ல” என்றான். கிழக்குப் பக்கம் திறந்து கிடந்தது. கடலிலிருந்து தண்ணீர் மேலே ஏறி வரும் என்பது அவன் புத்தியில் வரவேயில்லை. ஆற்றுத் தண்ணீர் போய்ச் சேருகிற இடம் கடல். போய்ச் சேர்ந்த தண்ணீர் திரும்பி வந்து அவன் பார்த்ததில்லை.

அந்தப் பக்கம் நரித் தொந்தரவும் இருந்தது. ஒரு விடியலில் நரி ஒரு கூடையைப் புரட்டிக் குட்டியைக் கொண்டுபோய்விட்டது. களிமண் பொட்டலில் கல்லுக்கு எங்கே போவது? சாமிதுரை பாழடைந்த உப்பளம் வரை நடந்து, இடிந்த மதகிலிருந்து செங்கல் துண்டுகளாகப் பொறுக்கி வந்தான். ராஜராஜன் படுக்கிற கூடைக்கு மட்டும் சுண்ணாம்போடு சேர்ந்த ஒரு பெரிய கட்டியைத் தலையில் சுமந்து வந்து இறக்கினான்.

“நரி இல்ல, புலியே வந்தாலும் இதப் பொரட்டாது” என்றான். மகனுக்குச் செய்கிற காரியம் என்பதால் அவனுக்கு அன்று நல்ல மனசு. கமலவேணிக்கும் நிம்மதிதான்.

அது பங்குனிக் கடைசி. மத்தியானமானால் பொட்டல் முழுக்கக் கானல் எழும். முதல் நாள் பார்த்தபோது கமலவேணியே ஏமாந்துபோனாள். தகதகவென்று தண்ணீர் நிற்கிற மாதிரி, அதில் அலை அசைகிற மாதிரி, கூடைகள் மிதக்கிற மாதிரி. கிட்டே போனால் ஒன்றும் இராது. ராஜராஜனுக்குக்கூட அது பழகிவிட்டது. “தண்ணி, தண்ணி” என்று கை காட்டுவான், அவள் “பொய்த்தண்ணிடா கண்ணு” என்பாள். அவனும் “பொய்த்தண்ணி” என்று கை கொட்டுவான்.

அன்றைக்கு அமாவாசை. சாந்தா சொன்னது அவள் நினைவில் வராமலில்லை. வந்தது, மேற்கே வெட்டிய வாய்க்காலும் கூடவே நினைவுக்கு வந்தது. காலையிலிருந்தே காற்று பலமாக இருந்தது. சாமிதுரை நாயையும் ஆடுகளையும் கூட்டிக்கொண்டு மணல்மேட்டுப் பக்கம் போய்விட்டான். கமலவேணி பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்தாள். அவன் கண் சொருகியதும் கூடைக்குள் குட்டிகளோடு கிடத்தி, மேலே தன் பழைய சேலையைப் போட்டு, அந்தக் கட்டியைத் தூக்கி வைத்தாள். தூக்கும்போது இடுப்பு பிடித்தது. மற்றக் கூடைகளின்மேல் சின்னச் செங்கல்கள் இருந்தன. எல்லாவற்றையும் ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு குடத்தையும் எடுத்துக்கொண்டு குப்பத்துக்கு நடந்தாள்.

ஊற்றில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் ஊறும். கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடம் நிரப்ப வெகுநேரம் பிடித்தது. சாந்தா அன்று மீன் விற்க வெளியே போயிருந்தாள். இருந்திருந்தால் காற்றைப் பார்த்து இன்னொரு வார்த்தை சொல்லியிருப்பாள். யாரிடமும் பேசாமல் ஒரு குடத்தைத் தலையிலும் ஒன்றை இடுப்பிலும் வைத்துக்கொண்டு கமலவேணி திரும்பினாள்.

காட்டைத் தாண்டி வந்ததும் பொட்டல் தெரிந்தது. தகதகவென்று இருந்தது. தினமும் அந்த நேரத்துக்கு இருப்பது போலவே இருந்தது. கூடைகள் மிதக்கிற மாதிரி தெரிந்தது, அதுவும் தினமும் தெரிவதுதான். காற்றில் தலைக்குடம் தளும்பி முகத்தில் வழிந்தது. அத்தனை பாடுபட்டு மொண்ட நல்ல தண்ணீர் வீணாகிறதே என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு கருவேல மர நிழலில் இரண்டு குடத்தையும் இறக்கி வைத்தாள். உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தாள். எதிரே பொட்டல் மின்னுவதைப் பார்த்தபடியேதான் இதெல்லாம் செய்தாள். பார்த்தாள் என்பதுதான் பின்னாளில் அவளைத் தின்றது. கண் முன்னால் இருந்தது, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு குடங்களைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மேடு இறங்கிக் கொஞ்ச தூரம் போனதும் கால் நனைந்தது.

கானலில் கால் நனையாது. அது புத்திக்கு எட்ட ஒரு கணம் ஆயிற்று. குடங்கள் விழுந்ததைக்கூட அவள் உணரவில்லை. ஓடினாள். காய்ந்து கிடந்த களிமண் அதற்குள் குழம்பாகியிருந்தது, ஒவ்வொரு காலையும் பிடுங்கிப் பிடுங்கி வைக்க வேண்டியிருந்தது. தண்ணீருக்கு அவசரமே இல்லை. அலை இல்லை, இரைச்சல் இல்லை. கிழக்கேயிருந்து காற்று தள்ளத் தள்ள வந்து சத்தமில்லாமல் பள்ளத்தில் நிறைந்துகொண்டிருந்தது. நரிக்காக வைத்த சின்னச் செங்கல்கள் சரிந்து, மற்றக் கூடைகள் கிளம்பி மிதந்தன. அவற்றிலிருந்து வெளியே வந்த குட்டிகளில் சில நீந்திக்கொண்டிருந்தன, சில மேற்கே சாமிதுரை போட்ட அணைமேல் ஏறி நின்று கத்தின. ராஜராஜனின் கூடை மட்டும் அசையாமல் வைத்த இடத்தில் இருந்தது. தண்ணீர் அவள் தொடைக்கு மேல் வந்துவிட்டது. கூடையின் உச்சி தண்ணீருக்கு வெளியே இருந்தது. அதன்மேல் வைத்த கட்டி நனையவேயில்லை.

அதைத் தள்ளிக் கூடையைத் தூக்கியபோது அவள் போட்ட சத்தத்தைக் கேட்டுத்தான் சாமிதுரை ஓடி வந்தான். பிள்ளை தூக்கத்தில் போகவில்லை. கூடையின் மூங்கிலைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

குப்பத்து ஆண்கள் வந்து மணல்மேட்டுக்கு மேலே, கடல் ஏறாத இடமாகப் பார்த்துக் குழி வெட்டினார்கள். சாந்தா கமலவேணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “நான் இன்னம் வெவரமா சொல்லியிருக்கணும்” என்று அவள்தான் அதிகம் அழுதாள். சாயங்காலத்துக்குள் தண்ணீர் வந்த வழியே வடிந்துபோய்விட்டது. மறுநாள் பொட்டல் மறுபடி காய ஆரம்பித்தது.

ஊர் திரும்பும்போது மந்தையில் ஒரு ஆடு ஈன்றது. ஈன்ற குட்டிக்கு நடக்க முடியவில்லை, கூடைகளும் போய்விட்டன. சாமிதுரை யூரியா சாக்கை எடுத்து அந்தக் குட்டியை அதில் வைத்து நீட்டினான். கமலவேணி வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டாள். அணைக்கரைப் பாலத்தில் ஒரு பஸ்ஸிலிருந்து யாரோ எட்டிப் பார்த்து, ஆட்டுக்குட்டிக்கு வந்த யோகத்தைப் பார் என்று சிரித்தார்கள். செந்துறையில் மேகலா ஓடி வந்து, பின்பக்கம் போய்ச் சாக்குக்குள் பார்த்தாள். “தம்பி எங்கம்மா?” என்றாள். அவளுக்கு என்ன பதில் சொன்னார்கள் என்று இரண்டு பேருக்கும் நினைவில்லை.

மறு வருஷக் கடைசியில் சுனாமி வந்தது. அந்தக் கரையோரம் எத்தனையோ உயிர் போயிற்று. டிவி உள்ள வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கமலவேணியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கொஞ்ச நாளில் அவர்கள் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அவள் பிள்ளையும் சுனாமியில் போனவன் ஆகிவிட்டான். கமலவேணி மறுக்கவில்லை. மறுக்காததற்குக் காரணம் உண்டு. சுனாமியில் போனால் யாரும் தப்பு செய்தவர்கள் இல்லை. பனைமர உயரத்துக்கு வந்த கடலை யார் என்ன செய்திருக்க முடியும்? ஆனால் தொடையளவுத் தண்ணீர், நடந்து வருகிற வேகத்தில் வந்த தண்ணீர், அதைப் பார்த்துக்கொண்டே கொண்டை முடிந்தவளை என்ன பெயர் சொல்லி அழைப்பது? அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சாமிதுரையிடமும் சொல்லவில்லை. அவன் தான் தேர்ந்தெடுத்த இடத்தையும் தான் சுமந்து வந்த கட்டியையும் நினைத்துத் தன்னையே சபித்துக்கொண்டு கிடந்தான். குடித்தால் “நாந்தான் கொன்னேன், நாந்தான்” என்று மண்ணில் தலையை மோதுவான். அவள் பிடித்து நிமிர்த்துவாள், துடைத்துவிடுவாள். ‘நீ மட்டும் இல்லை’ என்று சொல்ல நினைப்பாள், அதற்குப் பதில் துடைத்த துணியை அலசிப் போடப் போய்விடுவாள். சொல்லிவிட்டால் அவன் தன்னை எப்படிப் பார்ப்பான் என்று பயம். வேறு எதற்கும் அவள் பயந்தவளில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் கிழக்கே போகவில்லை. மந்தையும் சுருங்கிவிட்டது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களின் ஓரத்தில், லாரித் தூசி படிந்த புல்லை மேய்த்துக் காலத்தை ஓட்டினார்கள். அரியலூரை முன்பே ஒரு தடவை தனி மாவட்டம் ஆக்கிக் கலைத்திருந்தார்கள், இப்போது மறுபடி ஆக்கப் போவதாகப் பேசிக்கொண்டார்கள். ஆடுகளுக்கு எந்த மாவட்டத்துப் புல்லும் ஒன்றுதான்.

இரண்டாயிரத்து ஏழு சித்திரையில் சாமிதுரையிடம் ஒரு புதுப் பழக்கத்தைக் கமலவேணி கவனித்தாள். உச்சி வெயில் நேரத்தில் ஆடுகளை அவள் பார்வையில் விட்டுவிட்டு எங்கேயோ போய்விடுவான். கொஞ்ச நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்து வந்து உட்காருவான்.

“மத்தியானமானா எங்க மாமா போற?”

“சும்மாதான். காத்தாட.”

இந்த வெயிலில் எவன் காற்றாடப் போவான்? டாஸ்மாக் என்று நினைத்தாள், வாயில் வாடை இல்லை. வேறு எவளாவது என்றும் நினைத்தாள், நினைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொண்டாள். வலது உள்ளங்கையில் தோல் வெந்து உரிந்திருந்தது. கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் பின்னாலேயே போனாள்.

லாரிகள் போகிற தார்ரோட்டில் அவன் நடந்துகொண்டிருந்தான். எதிரே தூரத்தில் ரோடு முழுக்கக் கானல், தண்ணீர் தேங்கி நிற்கிற மாதிரி மின்னியது. அவன் அதைப் பார்த்தே நடந்தான். நடக்க நடக்க அது தள்ளிப் போயிற்று. ஓர் இடத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, கொதிக்கிற தாரின்மேல் உள்ளங்கையை முழுசாக அழுத்தி வைத்தான். எடுத்துப் பார்த்தான். எழுந்து, இன்னும் கொஞ்ச தூரம் போய் மறுபடியும் உட்கார்ந்து கையை வைத்தான்.

கமலவேணிக்கு விளங்கிவிட்டது. அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

“என்ன மாமா பண்ற?”

அவன் நிமிரவில்லை. “தண்ணி மாதிரி தெரிஞ்சிச்சி புள்ள. அதான், இல்லன்னு பாத்துட்டு வந்துரலாம்னு.”

அவள் அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்தாள். அவனே பேசினான். “அன்னிக்கி மேட்டு மேல நின்னு பாத்தேன் வேணி. பளபளன்னு தெரிஞ்சிச்சி. தெனமும் தெரியிறதுதானன்னு துண்ட விரிச்சிப் படுத்துட்டேன். நல்லாத் தூங்குனேன். நீ கத்துனப்பத்தான் முழிச்சேன். ஓங்கிட்ட சொல்ல வாய் வரல.”

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. மேட்டிலிருந்து பொட்டலுக்கு ஓடி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. பிறகு கருவேல மர நிழலிலிருந்து எவ்வளவு நேரம் ஆகும் என்று அதே மனசு கேட்டது. இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே சட்டியில் தின்றுகொண்டு, இரண்டு பேரும் ஒரே கல்லைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள்.

“நானும் பாத்தேன்” என்றாள்.

அவன் திரும்பினான்.

“கொடம் தளும்புதேன்னு எறக்கி வச்சிட்டு உக்காந்திருந்தேன் மாமா. பாத்துக்கிட்டேதான் உக்காந்திருந்தேன்.”

அவன் அவளைப் பார்த்தான். அடிப்பான் என்றுகூட அவள் நினைத்தாள், அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள். அவன் அடிக்கவில்லை. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அவள் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்துக்கொண்டான். வெந்துபோன அந்த உள்ளங்கை அவள் மணிக்கட்டில் சொரசொரவென்று பட்டது. தூசி அடங்கும் வரை விடவில்லை.

அதனால் பாரம் இறங்கிவிட்டது என்று சொன்னால் அது பொய்க்கதை. ஒன்றும் இறங்கவில்லை. ஊரில் யாராவது சுனாமி என்று பேச்சை எடுத்தால் இப்போது இரண்டு பேருமே தலையைக் குனிந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் ரோட்டில் மறுபடி மின்ன ஆரம்பித்தது. சாமிதுரை எழுந்திருக்கலாமா என்று தயங்கினான். கமலவேணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

“வா மாமா. பாத்துட்டு வந்துரலாம்.”

ஆடுகளை நாயின் பொறுப்பில் விட்டுவிட்டு இரண்டு பேரும் போனார்கள். அவள் குனிந்து தொட்டுப் பார்த்தாள். ரோடு காய்ந்துதான் கிடந்தது.